பச்சைக் கோடு ஓடும்வரை

செல்லாயி பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சட்டென்று நிற்பாள். மூச்சு வாங்க அல்ல. வாக்கியம் பாதியில் தொங்கும். இடது கை எதையோ எடுத்து ஓரமாக வைப்பதுபோல் அசையும். வலது கை எதையோ கொண்டுவந்து பொருத்துவதுபோல் அசையும். பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்தோ, விடாத வேறோர் இடத்திலிருந்தோ தொடரும். கல்யாண வீட்டில், கோயில் பந்தியில், குனோங் ராபாட் கோழிக்கடையில், எங்கும் இப்படித்தான். புதிதாகப் பழகுகிறவர்கள் நரம்புக் கோளாறு என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். அவள் கணவர் அர்ச்சுனன் அந்த இடைவெளியில் மட்டும் 'ம்' சொல்லப் பழகியிருந்தார். லாரி ஓட்டுகிறவர். எந்த இடத்தில் நுழையலாம் என்று தெரிந்தவர்.

கோளாறு ஒன்றுமில்லை. தொழில்தான்.

ஈப்போவுக்கு வெளியே, சுண்ணாம்பு மலையைப் பார்த்தபடி இருக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. கூரைக் காற்றாடிகளுக்கான போர்டுகள் அங்கே தயாராகின்றன. பச்சை அட்டை. அதன் நடுவில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாகக் கறுப்புச் சிப் ஒன்று. ரிமோட்டில் மூன்றை அழுத்தினால் மூன்றாம் வேகத்தில் சுற்ற வேண்டும் என்பது அந்தச் சிப்புக்குத்தான் தெரியும். செல்லாயியிடம் வரும்வரை அதற்கும் தெரியாது. ஒன்றும் எழுதப்படாத சிப்பாக வரும். அவளுடைய மேசையில் ஜிக் என்று சொல்லப்படும் பெட்டி இருக்கிறது. போர்டை அதில் பொருத்திக் கைப்பிடியை இழுத்து மூடினால் கீழேயிருந்து மெல்லிய ஊசிகள் வந்து போர்டைத் தொடும். அந்த ஊசிகள் வழியாகப் புரோகிராம் சிப்புக்குள் இறங்கும். திரையில் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஓடும். ஓடி முடிந்ததும் டிங். கைப்பிடியைத் தூக்கி, போர்டை இடதுபுறம் தள்ளி, அடுத்ததை வைக்க வேண்டும்.

நாட்டில் எத்தனையோ வீடுகளின் காற்றாடிகளுக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்தவள் என்று சொல்லலாம். அவள் வீட்டுக் கூடத்துக் காற்றாடி மட்டும் பழையது. கயிறு இழுத்தால்தான் ஓடும்.

பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். தோட்டம் எண்ணெய்க்குப் பயிரிடும் செம்பனையாகி, செம்பனை வீட்டுமனையாகிவிட்டது. அதைப் பற்றி யாராவது உருக ஆரம்பித்தால், "அங்க என்னா இருந்துச்சு? கொசுதான்" என்று முடித்துவிடுவாள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சகாலம் காலுறைத் தொழிற்சாலையில் இருந்தாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் சொல்வதுகூடக் கேட்காது. அந்தக் காலத்தைச் சிறையில் இருந்த காலம்போலத்தான் நினைவுகூர்வாள்.

இந்த வேலையில் சத்தம் இல்லை. ஆனால் சேர்ந்த புதிதில் பேசிக்கொண்டே போர்டை வைத்ததில் ஒருநாள் கோணலாக உட்கார்ந்து ஊசிகள் வளைந்துவிட்டன. அதற்குப் பிறகு அவளாகவே ஒரு சட்டம் வகுத்துக்கொண்டாள். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்க வேண்டும். கோடு ஓடும்போது கைக்கு வேலை இல்லை, வாய்க்கு உண்டு. கோட்டின் நீளம்தான் அவளுடைய பத்தியின் நீளம். பல வருடங்களாக இப்படிப் பேசியதில் வெளியிலும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது.

எதிரில் சரளா. செல்லாயி தள்ளிவிடும் போர்டுகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். செல்லாயியைவிடச் சில வயது இளையவள், செம்மோரில் வீடு. இருவரும் தொழிற்சாலைக்கு வெளியே சந்திப்பது அபூர்வம். வேன்கள் வேறு வேறு திசை. சாப்பாட்டு நேரமும் மாற்றி மாற்றித்தான், லைன் நிற்கக் கூடாது என்பதற்காக. எனவே கோடு ஓடும் நேரத்தில் வளர்ந்த நட்புதான் அது.

ஆரம்பத்தில் இருவருக்கும் நடுவே அந்தப் புரோகிராம் பெட்டி உயரமாக நின்றது. திரையோடு சேர்ந்து சரளாவின் முகத்தை முழுதாக மறைத்தது. அப்போதிருந்த டெக்னிஷனிடம் செல்லாயி, "தம்பி, இது இங்க இருந்தா எனக்குக் கழுத்து வலிக்குதுலா" என்று சொல்லி, பெட்டியை மேசையின் தூரத்து மூலைக்கு மாற்ற வைத்தாள். அங்கிருந்து ஜிக்குக்கு எட்ட நீளமான கேபிள் வேண்டியிருந்தது. நீளக் கேபிளில் வேகமாக அனுப்பினால் சிப்புக்குப் பாதி போய்ச் சேரவில்லை. டெக்னிஷன் வேகத்தைக் குறைத்து வைத்தான். கோடு இன்னும் மெதுவாக ஓடியது. கழுத்து வலி அன்றே சரியாகிவிட்டது.

அந்தக் கோட்டின் அடியில் செல்லாயி பெரிய காரியம் ஒன்றைப் பல மாதங்களாக நடத்தி வந்தாள். சரளாவின் மகள் தினேஸ்வரி, ஈப்போவில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். செல்லாயியின் மகன் தனேஷ், தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலையில். வார இறுதியில் வீட்டுக்கு வருவான். தொழிற்சாலையின் குடும்ப விருந்து ஒன்றில், தினேஸ்வரி ஒரு தட்டு மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸைச் சிந்தாமல் நாலு பேரைத் தாண்டிக் கொண்டுபோனதைச் செல்லாயி பார்த்தாள். அன்றே முடிவு செய்துவிட்டாள். இந்தப் பெண்தான்.

முடிவு செய்ததைச் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. கல்யாணப் பேச்சைப் போனிலும் பேசக் கூடாது, லைன் கட்டானால் சம்பந்தமும் கட்டாகும் என்பது அவள் கொள்கை. முதலில் பையன் யார், எப்படிப்பட்டவன் என்று பெண்வீட்டாருக்குத் தெரிய வேண்டும். மெல்ல மெல்லத் தெரிய வேண்டும். அதிலும் பெற்ற மகனைத் தாயே புகழக் கூடாது. கண் படும். முதலில் நாலு குறை சொல்ல வேண்டும். பிறகு ஓர் 'ஆனா' போட வேண்டும். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் அடக்கமாக ஒரு நிறை. அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள், மாமியாரும் அப்படித்தான்.

சரளாவுக்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. "எம்பொண்ணு தங்கம்லா" என்று லைன் முழுக்கக் கேட்கச் சொல்வாள்.

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு. கண்ணு படும்" என்று செல்லாயி அதட்டுவாள். பிறகு தன் முறையில் ஆரம்பிப்பாள்.

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கே, தனேஷு. வெள்ளிக்கெழம ராத்திரி வாரான். வந்தா என்னா? துணி மூட்டைய எந்தலையில போடறான், தூங்கறான். ஏன்டா, தாய்கிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமில்ல? கல்லு மாதிரி உக்காந்திருப்பான். எதைக் கேட்டாலும் 'ம்'. அவுங்கப்பன் புத்தி. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு புள்ளையப் பெத்து வெச்சிருக்கேன் பாரு."

டிங்.

கைப்பிடியைத் தூக்கினாள். போர்டை எடுத்தாள். அடுத்ததை வைத்தாள். ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்தாள். மூடினாள். கோடு ஓட ஆரம்பித்தது. இந்த இடத்தில்தான் 'ஆனா' வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குள் சரளா கேன்டீனில் மீன் விலை ஏறியதைச் சொல்வாள், அல்லது செல்லாயிக்கே மகனிடம் இன்னொரு குறை ஞாபகம் வந்துவிடும். குறைகள் கோட்டின் நீளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தின. நிறைகள் அடுத்த போர்டுக்குத் தள்ளிப்போயின. அடுத்த போர்டுக்கென்று எப்போதும் ஒரு குறை தயாராக இருந்தது.

இப்படியே மாதங்கள் போயின. காரியம் நன்றாக நடப்பதாகச் செல்லாயி நம்பினாள்.

அப்போதுதான் திவ்யதர்ஷினி வந்தாள். புதிய எஞ்சினியர். செட்டிநாட்டு வம்சம், அப்பாவுக்கு ஈப்போவில் சொந்த வியாபாரம், படித்தது கோலாலம்பூரில். மற்றவர்களுக்குத் திவ்யா மிஸ். செல்லாயி மட்டும் முழுப்பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவாள், பெற்றவர்கள் ஆசையாக வைத்ததை நாம் ஏன் வெட்ட வேண்டும் என்று.

திவ்யதர்ஷினி லைனின் தலையிலிருந்து கால்வரை நடந்தாள். மறுபடியும் நடந்தாள். செல்லாயியின் மேசைக்கு முன்னால் போர்டுகள் குவிந்து நிற்பதையும் அவளுக்குப் பிறகு வருபவர்கள் கை கட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டுச் செல்லாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று செல்லாயி மகனைத் திட்டவில்லை. வெளியாள் முன்னால் குடும்ப விஷயம் பேசக் கூடாது. பொதுவாகக் காய்கறி விலை பற்றிப் பேசினாள்.

"ஆன்ட்டி, இந்தப் பெட்டி ஏன் அவ்வளவு தூரத்துல இருக்கு?"

"எனக்குக் கழுத்து வலி, திவ்யதர்ஷினி மிஸ்."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப இல்ல" என்று செல்லாயி யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

அந்த வார இறுதியில் வேலை நடந்தது. திங்கட்கிழமை காலை செல்லாயி வந்து பார்த்தபோது பெட்டி பழைய இடத்துக்கே வந்திருந்தது, அவளுக்கும் சரளாவுக்கும் நட்டநடுவில். கேபிள் ஒரு முழம்கூட இல்லை. எட்டிப் பார்க்கலாமென்றால் மணிக்கட்டில் மாட்டியிருக்கும் பட்டையின் வயர் இழுத்தது. உடம்பிலிருக்கும் மின்சாரம் சிப்பைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக எல்லாரையும் மேசையோடு கட்டிவைக்கும் வயர் அது. வயர் விட்டவரை சாய்ந்து பார்த்ததில் சரளாவின் கொண்டைப் பூ மட்டும் தெரிந்தது.

முதல் போர்டை வைத்து மூடினாள். சாய்ந்து உட்கார்ந்து, "சரளா, நேத்து எங்க வீட்டுல" என்று ஆரம்பித்தாள்.

டிங்.

இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். போர்டை எடுத்து இன்னொன்றை வைத்தாள். "நேத்து எங்க வீட்டுல அந்தத் தனே..."

டிங்.

கோடு ஓடவில்லை, தாவியது. திவ்யதர்ஷினி என்று ஒருமுறை கூப்பிட்டு முடிக்கும்போது போர்டும் முடிந்திருந்தது.

லைன் சுறுசுறுப்பானது. இப்போது சரளாவின் முன்னால் போர்டுகள் குவிந்தன. ஸ்டிக்கர் ஒட்டும் கை ஓயவில்லை. எல்லாருக்கும் மலாய் அக்காவான லைன் லீடர் கக் ரொஹானி நடந்து வந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாகச் செல்லாயியைத் தாண்டிப் போய்ச் சரளாவிடம், "செப்பாட், சரளா, செப்பாட்!" என்று அவசரப்படுத்தினார். செல்லாயிக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் ஊமைபோல் வேலை செய்தாள். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பேசினாள். அர்ச்சுனன் காரைக் கழுவ வெளியே போய்விட்டார். கழுவி முடித்த காரைத்தான் மறுபடியும் கழுவினார்.

மூன்றாம் நாள் பெட்டிக்குப் பின்னாலிருந்து சரளாவின் குரல் வந்தது.

"ஞாயித்துக்கெழம ஆள் வாராங்கக்கா."

டிங்.

"எங்க?"

டிங்.

"வீட்டுக்குத்தான். தினேஸ்வரியப் பாக்க."

டிங்.

"யாரு?"

"பாகான் டத்தோ ஊருக்காரங்க. எங்க வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம். தென்னந்தோப்பு இருக்கு."

டிங்.

செல்லாயியின் கை கைப்பிடியிலேயே நின்றது. கண் முன்னால் மீ கோரெங் தட்டு சிந்தாமல் பாகான் டத்தோ பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த போர்டை வைத்தாள். "சரளா, எம்பையன் இருக்கானே, அவன் சின்னதுலேர்ந்தே ஒரு..." டிங். "ஒரு மாதிரி. எதையும் வாய் விட்டு..." டிங். "வாய் விட்டுச் சொல்ல..." டிங்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல."

தேநீர் இடைவேளையில் திவ்யதர்ஷினியைத் தேடிப் போனாள். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"திவ்யதர்ஷினி மிஸ், அத பழையபடி கொஞ்சம் மெதுவா வெக்க முடியாதா?"

"ஏன் ஆன்ட்டி? கை வலிக்குதா?"

"கை இல்ல. வாய்."

திவ்யதர்ஷினிக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தாள். நல்ல பெண். பக்கத்தில் இடம்விட்டு உட்கார வைத்து, தான் செய்ததை விளக்க ஆரம்பித்தாள். யாராவது கேட்கமாட்டார்களா என்று அவளும் காத்திருந்தாள்போல.

"கேபிளக் குட்டையாக்குனதுல கொஞ்சம் மிச்சம். அத விடுங்க. பெரிய விஷயம் வேற. இத்தன வருஷமா முழு சிப்பையும் எழுதிக்கிட்டு இருந்திருக்கு ஆன்ட்டி. உள்ள விஷயம் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் காலி. அந்தக் காலியையும் விடாம, ஒவ்வொரு எடமா எழுதி, எழுதுனத மறுபடி படிச்சுப் பாத்து..."

செல்லாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "யாரச் சொல்ற?"

"சிப்பைத்தான் ஆன்ட்டி."

"ம்."

"இப்ப இருக்கறத மட்டும் எழுதுது. எழுதுனது சரியான்னு சிப்பையே மொத்தமாக் கூட்டி ஒரு விடை சொல்லச் சொல்றோம். விடை சரியா இருந்தா டிங். சரிபாக்கறத விடல. அத விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப மெதுவா வெக்க முடியாது."

"முடியும். ஆனா ஏன்?"

செல்லாயி எழுந்துகொண்டாள். 'ஆனா' என்ற சொல்லை இவ்வளவு சுலபமாகச் சிலர் சொல்லிவிடுகிறார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். பட்டையை மாட்டினாள். போர்டை வைத்தாள், மூடினாள்.

"சரளா, உம்பொண்ண எம்பையனுக்குக் குடு."

டிங்.

அவள் வாழ்நாளில் ஒரு காரியத்தைக் கேட்டதிலேயே சிறிய வாக்கியம் அதுதான். சொல்லி முடித்தபோது கோட்டில் கொஞ்சம் மிச்சம்கூட இருந்ததுபோல் தோன்றியது.

பெட்டிக்குப் பின்னால் ஸ்டிக்கர் உரியும் சத்தம் நின்றது.

"எந்தப் பையனுக்கு?"

"எனக்கு எத்தன பையன்? தனேஷுக்குத்தான்."

டிங்.

"வேணாம்க்கா."

"ஏன்?"

டிங்.

"நீதானக்கா சொன்ன, கல்லு மாதிரி உக்காந்திருப்பான்னு." டிங். "துணிய உந்தலையில போடுவான்னு." டிங். "தூங்குனா எழும்ப மாட்டான், யாரு வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டான், அப்பன் புத்தின்னு." டிங். "நானே வீட்டுல போயி சொல்லிருக்கேன், பாவம் செல்லாயிக்கா, அதுக்கு வாச்ச புள்ள அப்பிடின்னு. தினேஸ்வரிக்கும் தெரியும்."

செல்லாயி அடுத்த போர்டை வைக்க மறந்தாள். "அதெல்லாம் பெத்தவ சொல்ற பேச்சுலா. கண்ணு படக்கூடாதுன்னு சொல்றது. இது கூடவா ஒனக்குத் தெரியாது?"

"தெரியும்க்கா. எங்கம்மாவும் என்னய அப்பிடித்தான் சொல்லும். ஆனா ரெண்டு திட்டு திட்டிட்டு ஒரு 'ஆனா' வெக்கும். நீ வெக்கவே இல்லியே. நானும் இத்தன மாசமாக் காத்திருந்து பாத்தேன். வரவே இல்ல."

கக் ரொஹானி தூரத்திலிருந்து கை தட்டினார். ஸ்டிக்கர் உரியும் சத்தம் மறுபடியும் தொடங்கியது.

மாலை வீட்டில் அர்ச்சுனன் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். செல்லாயி நடந்ததைச் சொன்னாள். இடையில் கையை அசைக்காமல், நிறுத்தாமல் சொன்னாள். அதனால் அவருக்கு எங்கே 'ம்' போடுவதென்று தெரியாமல் கடைசிவரை கேட்க வேண்டியதாகிவிட்டது.

"நம்ம புள்ளய அவ அப்பிடி நெனச்சிட்டா பாருங்க."

அர்ச்சுனன் தண்ணீர்க் குழாயை மூடினார். "அப்ப அவன் நல்லவனா?"

"என்னங்க கேள்வி இது?"

"இல்ல, நானும் நீ சொல்றத வெச்சுத்தான் இத்தன வருஷமா அவனத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் செல்லாயி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தொழிற்சாலைக்கு வந்தாள். வேனில் வரும்போதே மனத்துக்குள் பிரித்துவைத்திருந்தாள். ஒரு போர்டுக்கு ஒரு நிறை. அதற்குமேல் இடம் இல்லை. பெற்ற மகனைப் பலர் கேட்கப் புகழ்வது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேறு வழி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப்போட வேண்டும். மிளகாய் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

"குடிக்க மாட்டான்."

டிங்.

"துணிய அவனே தொவைப்பான். நாந்தான் புடுங்கி வெச்சுக்குவேன்."

டிங்.

"பல்லு நல்லா இருக்கும். ஒண்ணுகூடச் சொத்தை இல்ல."

டிங். இது தினேஸ்வரியின் தொழிலை மனத்தில் வைத்துச் சேர்த்தது.

"சத்தம் போட்டுப் பேச மாட்டான்."

டிங்.

"பேசவே மாட்டான்னுல்ல சொன்ன?" பெட்டிக்குப் பின்னாலிருந்து சரளா.

"நான் பேசறேன்ல, அவனுக்கு எடம் எங்க?"

டிங்.

லைனில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். லைன் கடைசியில் அட்டைப்பெட்டி மடிக்கும் மாரியம்மா, "அக்கா, அப்பிடியே எம்பொண்ணுக்கும் ஒண்ணு இருந்தாப் பாரேன்லா" என்று கத்தினாள். செல்லாயி காதில் வாங்கவில்லை. அவளுக்குக் காது சிவந்திருந்தது.

"குடிக்கவே மாட்டானா? பீரு?" சரளா.

"கல்யாண வீட்டுல ஒண்ணு. அதுவும் முடிக்க மாட்டான்."

டிங்.

"சமைப்பானா?"

"மெகி."

டிங்.

"கோவம்?"

செல்லாயி யோசித்தாள். பொய் சொல்லக் கூடாது. "வந்தா தட்டக் கழுவுவான்."

"என்னது?"

டிங்.

"கோவம் வந்தா பேசாம போயி தட்டெல்லாம் கழுவுவான். வீட்டுல கழுவாத தட்டே இருக்காது."

போர்டுகள் போயின. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் சரளா சொன்னாள், "நான் முடிவு பண்றதில்லக்கா. டீ நேரத்துல அவகிட்டக் கேட்டேன் போன்ல. நம்பர் கேக்கறா."

"யாரு நம்பரு?"

"ஒன் நம்பரா கேப்பா?"

கல்யாணப் பேச்சு போனில் கூடாது என்று சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள். மகனுடைய நம்பரைச் சொன்னாள். ஒரு போர்டில் முடியவில்லை, அடுத்ததில் மிச்சத்தைச் சொன்னாள். சரளா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தனேஷ் வந்தான். துணி மூட்டையைத் தலையில் போடவில்லை, நேராகத் துவைக்கும் மெஷினில் போட்டான். சனிக்கிழமை காலையில் முடி வெட்டிக்கொண்டு வந்தான்.

"என்னாடா திடீர்னு?"

"சூடா இருக்கு."

"யாராச்சும் மெசேஜ் பண்ணாங்களா?"

"ம்."

"யாரு?"

"தெரிஞ்சவங்க."

மத்தியானம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈப்போ டவுனுக்குப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. செல்லாயி இரண்டு முறை படித்துப் பார்த்தாள். அவன் கையில், கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த தேநீர்ப் பொட்டலத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஒரு பொட்டலம்தான். அதிலிருந்து என்ன தெரியும்? இரவுச் சோற்றுக்குப் பிறகு அவன் எழுந்துபோய்த் தட்டைக் கழுவியபோது அவள் அடுக்களை வாசலில் போய் நின்றாள். கோபமா? யார்மீது? என்ன நடந்தது? கேட்டால் 'ம்' என்பான். பெற்ற பிள்ளையிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்ற எரிச்சலில் அன்று அவனை மனதாரத் திட்டினாள். கண் படாமல் இருக்க அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மிளகாய் சுற்றிப்போட்டாள். அடுப்பில் போட்டபோது நெடி வந்து வீடே தும்மியது. நெடி வந்தால் கண் படவில்லை என்று அர்த்தம். அதாவது இத்தனை புகழ்ந்தும் யாரும் கண் வைக்கவில்லை. அதையும் எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதே நேரம் செம்மோரில் பாகான் டத்தோக்காரர்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை சரளா வந்தாள், உட்கார்ந்தாள், பட்டையை மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களைப் பற்றிய பேச்சை எடுக்கவில்லை. கொண்டையில் அன்று பூ இல்லை. செல்லாயி கேட்கவில்லை. கேட்டுவிடலாம், இரண்டு சொல்லில் கேட்டுவிடலாம். இப்போது அது அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிந்த வித்தை வாய்வரை வந்து நின்றது. போர்டை வைத்தாள். டிங். எடுத்தாள். வைத்தாள். டிங். காலைப்பொழுது முழுவதும் ஒரு வார்த்தை இல்லாமல் காற்றாடிகளுக்குச் சுற்றக் கற்றுக்கொடுத்தாள். திவ்யதர்ஷினி அந்தப் பக்கம் வந்து குவியல் இல்லாத மேசையைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திவிட்டுப் போனாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டிக்குப் பின்னாலிருந்து சரளா செருமினாள்.

"இந்தத் தினேஸ்வரி இருக்காளே, காலையில எழுப்பறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருது."

டிங்.

செல்லாயி போர்டை எடுத்தாள். தங்கமென்று சொன்ன மகளுக்கு என்ன ஆயிற்று? இன்னொன்றை வைத்து மூடினாள்.

"சோறு வடிக்கத் தெரியாது. கொழைச்சிருவா."

டிங்.

"நேத்து அவங்க வந்து உக்காந்திருக்காங்க, இவ யாருக்கோ மெசேஜ் பண்ணிக்கிட்டு போனும் கையுமா நிக்கறா. எனக்கு மானமே போச்சு."

டிங்.

"வாயும் நீளம்க்கா. மாமியா ஒண்ணு சொன்னா இவ நாலு சொல்லுவா. இப்பவே சொல்லி வெச்சிர்றேன்."

செல்லாயியின் கையில் அடுத்த போர்டு இருந்தது. ஜிக் திறந்திருந்தது. ஊசிகள் நேராக இருந்தன. அவள் வயர் இழுக்க இழுக்கப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தாள். பூ இல்லாத கொண்டையும் ஒரு காதும் தெரிந்தன. காதில் கம்மல் ஆடிக்கொண்டிருந்தது. சரளா சிரிக்கிறாளா என்று காதை வைத்துச் சொல்ல முடியவில்லை.

போர்டை வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். கைப்பிடியைத் தொடவில்லை. கோடு ஓடவில்லை, டிங் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் நின்றது.

"செல்லாயி! ஆப்பா ஹால்?" என்ன விஷயமென்று கேட்டபடி கக் ரொஹானி எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"ஸ்கெஜாப், கக், ஸ்கெஜாப்" என்று செல்லாயி அவரை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். பிறகு பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ சொல்லு சரளா. இன்னும் என்னா, எல்லாத்தையும் சொல்லு. அவசரமில்ல."